இரண்டு டிரம்மும் ஒரே கோணல்

கிமோசோப்புக்கு ஐம்பத்தெட்டு வயது, அவருடைய பிக்கப்புக்கு முப்பத்தொன்று. இரண்டில் எது முதலில் படுத்துக்கொள்ளும் என்று மலைமேட்டு ஊரான இட்டெனின் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் பந்தயம் கட்டிச் சிரிப்பார்கள். அவர் காதில் விழும்படியேதான் சிரிப்பார்கள். கிமோசோப் பதில் சொல்ல மாட்டார். பதில் சொல்லும் பழக்கமே விட்டுப்போன மனிதர் அவர்.

வாரத்தில் நான்கு நாள் காலையில் மேட்டிலிருந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு கெரியோ பள்ளத்தாக்குக்கு இறங்குவார். சாயங்காலம் மாம்பழக் கூடைகளோடு மேலே ஏறி வருவார். இட்டெனில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், கீழே போய்ச் சேரும்போது உள்சட்டையையும் கழற்றி எறியலாமா என்றிருக்கும். அப்படி ஓர் இறக்கம், அத்தனை வளைவுகள். இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பெண்டாட்டி இல்லாவிட்டாலும் பிரேக் இருக்க வேண்டும் என்று எங்கள் டிரைவர்கள் சொல்வார்கள். கிமோசோப்புக்குப் பெண்டாட்டி இல்லாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பிப்ரவரியில் பிரேக்கும் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

முதலில் பெடல் உள்ளங்காலைத் திருப்பி உதைத்தது. அப்புறம் சீட்டு நடுங்கியது. மார்ச்சில் மழை பிடித்தபோது, மிதித்தால் வண்டி முழுக்க உதறியது. பின்னால் முட்டைக்கோசு மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. ஒரு நாள் வழியிலிருக்கும் தம்பாச் ஊரைத் தாண்டி இறங்கும்போது உதறலில் கால் பெடலை விட்டு நழுவி, வண்டி பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் ஒதுங்கியது. சமாளித்துவிட்டார். ஆனால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சாவுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார் என்று நினைக்க வேண்டாம். வண்டி போய்விட்டால் அந்த மூன்றாவது வளைவில் போய் நிற்க முடியாதே என்றுதான் பயந்தார்.

தம்பாச்சுக்குக் கீழே மூன்றாவது வளைவில், ரோட்டோரம் ஒரு தகரக் கடை இருக்கிறது. டீ, அவித்த சோளம், வாழைப்பழம். கடைக்காரி ஜெபிவோட், கிமோசோப்பின் ஒரே மகள். கடைக்கு முப்பது அடி மேலே, எதிர்ச் சாரியில், போகும் வழியில் கிமோசோப் வண்டியை நிறுத்துவார். நல்ல சரிவு. இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்து மாட்டுவார். இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபது நிமிஷம், சில நாள் அரை மணி. இறங்க மாட்டார். மகள் அடுப்பு ஊதுவதையும், டிரைவர்களுக்கு டீ ஊற்றுவதையும், காலடியில் சுற்றும் பெண் குழந்தையை அதட்டுவதையும் பார்ப்பார். மூன்று வயது இருக்கும் அந்தப் பேத்திக்கு. பெயர் தெரியாது. எங்கள் பக்கம் பிறந்த நேரத்தை வைத்துத்தான் பெயர். மழையில் பிறந்தால் ஒன்று, மாடு மேயப் போகும் நேரத்தில் பிறந்தால் இன்னொன்று. குழந்தை எப்போது பிறந்தது என்றே தெரியாத தாத்தா பெயரை எப்படி ஊகிப்பது?

அவள் ஒரு தடவைகூட இவர் பக்கம் கை அசைத்ததில்லை. தெரிந்துகொண்டே தண்டிக்கிறாள் என்று கிமோசோப் நினைத்துக்கொள்வார். அது நியாயம்தான் என்றும் நினைத்துக்கொள்வார்.

நடந்தது இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெபிவோட் கோமென் என்ற பையனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். பள்ளத்தாக்குக்கு அந்தப்புறத்துக்காரன். வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். கிமோசோப்புக்குப் பிடிக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவர். பெண் கேட்டு, பரிசமாகத் தரவேண்டிய மாடு பேச, பையன் வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் கோட்டும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்தார்கள். கிமோசோப் அவர்களை உட்காரவைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொழுது சாயும் வரைக்கும் வரவில்லை. மனைவி சாலினா புளித்த பாலை ஊற்றி ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் பெரியவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அன்றைக்கே ஜெபிவோட்டும் அந்தப் பையனோடு போய்விட்டாள்.

எங்கள் வழக்கப்படி, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்காத வரை பெண்ணைப் பெற்றவர்கள் மகள் குடியிருக்கும் வீட்டு வாசலை மிதிப்பதில்லை, அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. அவமானப்பட்டுப் போனவர்கள் தாமாக மறுபடி வர மாட்டார்கள். வரச்சொல்லி ஆள் அனுப்ப வேண்டியவர் கிமோசோப். அனுப்பவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினார். சாலினா வாய்விட்டுக் கேட்க மாட்டாள். சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும், "கீழ எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். "வெயில்" என்பார் இவர். அவள் தலையை ஆட்டிக்கொண்டு களி கிண்டப் போய்விடுவாள். இரண்டு வருஷம் அப்படியே கேட்டாள். பிறகு காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு ஜெபிவோட் வந்து கூட்டத்தோடு நின்றாள், ஒரு பிடி மண் போட்டாள், அப்பனைப் பார்க்காமல் போய்விட்டாள்.

இப்போது வீட்டில் ஒரு ஆளுக்குக் களி கிண்டுகிறார். ஒரு ஆளுக்குக் களி கிண்டினால் எப்போதும் மிஞ்சும். மிஞ்சியதைக் கோழிக்குப் போடுவார். கோழியும் அவரும் ஒரே நேரத்தில் தூங்குவார்கள். நாலு வார்த்தை பேச ஆளில்லாத வீடு அது. வண்டி ஓட்டாத மூன்று நாளும் அவருக்கு மலை மாதிரி.

ஆகவே வண்டி ஓட வேண்டும். ஷேர் வேனில் போய் அந்த வளைவில் இறங்கி நிற்க முடியுமா? யாரைப் பார்க்க வந்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். வண்டி நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இதற்காகவே மூட்டை இறக்க உடன் வந்துகொண்டிருந்த ஆளையும் கிமோசோப் நிறுத்திவிட்டிருந்தார். நின்று பார்ப்பதைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் கூடவே எதற்கு?

முதலில் பார்த்த மெக்கானிக், "சூட்டோட தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டான். இறக்கம் முடிந்ததும் புகையும் சக்கரத்தில் ஓடைத் தண்ணீரை வாளியால் மொண்டு ஊற்றுவது எங்கள் டிரைவர்களின் பைத்தியக்காரத்தனம். சக்கரத்திலிருக்கும் பிரேக் டிஸ்க் நெளிந்துவிடும். பிரேக் உதறுகிறது என்று எவன் வந்தாலும் தண்ணீர்தான் காரணம் என்பார்கள், பத்தில் எட்டுக்கு அதுவே சரியாகவும் இருக்கும். கிமோசோப் வாழ்நாளில் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. சொன்னார். அவன் நம்பவில்லை. முன்சக்கர டிஸ்க் இரண்டையும் லேத்தில் கொடுத்துக் கடைந்து மாட்டினான். உதறல் போகவில்லை. இரண்டாவது ஆள் பிரேக் பேட் மாற்றினான். போகவில்லை. மூன்றாவது ஆள் சக்கரத்தைப் பாலன்ஸ் பார்த்துவிட்டு, "பெரியவரே, வண்டிக்கு வயசாயிடுச்சு. வித்துட்டு ரெண்டு பசுமாடு வாங்கிக் கட்டுங்க" என்றான். கிமோசோப் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நாலாவது ஆள் ஒச்சோலா. வெக்கையான ஏரிக்கரையிலிருந்து வந்து இருபது வருஷமாக இட்டெனில் பட்டறை வைத்திருக்கிறான். குளிர் இன்னும் பழகவில்லை. பழகவில்லை என்று தினமும் ஒருவரிடமாவது சொல்லிவிடுவான். வாய் அதிகம், கை சுத்தம்.

"மூணு பேர் பாத்துட்டாங்களா? அப்ப நான் போஸ்ட்மார்ட்டம் பண்ணணுமா?" என்றான். பானட்டைத் திறக்கவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஓட்டுங்க பெரியவரே. எல்டோரெட் ரோட்டுல சமதளமாப் போங்க" என்றான்.

காலை எட்டு மணி. ஓட்டப் பந்தயத்துக்குப் பழகுகிறவர்கள் கும்பல் கும்பலாக ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டியதும் ஒச்சோலா, "அறுபதுல போங்க. இப்ப லேசா மிதிங்க" என்றான். மிதித்தார். வண்டி உதறியது. ஒச்சோலா ஒரு விரலை ஸ்டியரிங்கின் மேல் வைத்திருந்தான்.

"ஸ்டியரிங் ஆடல, பாத்தீங்களா? ஆடறது எங்க? நாம உக்காந்திருக்கிற இடம்தான் ஆடுது. முன்னாடி டிஸ்க்னா கையில அடிக்கும். இது இடுப்புல அடிக்குது. உங்க மூணு வைத்தியரும் தலைவலிக்காரனுக்குப் பல்லைப் புடுங்கியிருக்கானுங்க."

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். "இப்பப் பெடலைத் தொடவே கூடாது. ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மெதுவா இழுங்க. அது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும்." இழுத்தார். அதே உதறல், அதே தாளத்தில் வந்தது. ஒச்சோலாவுக்கு முகமெல்லாம் பல்.

பட்டறைக்குத் திரும்பி, பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை ஒரே ஒரு பல் மாட்டிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். சக்கரம் உரசியது, விட்டது, உரசியது, விட்டது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. சக்கரத்தையும், பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வளையமான டிரம்மையும் கழற்றி உள்பக்கம் காலிப்பர் வைத்து அளந்தான். அதையே திருப்பிக் குறுக்கே வைத்து அளந்தான். அப்புறம் மற்றப் பக்கத்து டிரம்மையும் கழற்றி அதே மாதிரி அளந்தான். இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"ரெண்டும் முட்டையாயிருக்கு பெரியவரே. வட்டமில்ல. உள்ள பாருங்க, நீலம் பூத்திருக்கு, அவ்வளவு சூடு. ஒண்ணு மட்டும் கெட்டிருந்தா என்னமோ கெட்ட நேரம்னு விட்டுடலாம். ரெண்டும் ஒரே கோணல்னா அது ஆள் பண்ணுன வேலை."

"யாரும் தொடலையே."

"நீங்கதான் பண்ணியிருக்கீங்க. இரும்பு சூட்டுல இளகும். இறங்கி வந்த சூட்டோட நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைக் கடைசி வரைக்கும் இழுத்து மாட்டுனா, உள்ள இருக்கிற பிரேக் ஷூ ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சுக்கும். டிரம்மு அப்படியே கவ்வுன வாக்குல ஆறும். ஒரு நாள் ரெண்டு நாள்ல இப்படி ஆகாது. வருஷக்கணக்கா பண்ணியிருக்கணும். எங்க நிறுத்துறீங்க?"

"சந்தையில."

"சந்தை தட்டு மாதிரி இருக்கு. அங்க எவன் ஹேண்ட்பிரேக் போடுவான்? இது சரிவுல நிறுத்துன வண்டி. அதுவும் பாதி இறக்கத்துல, டிரம்மு கொதிக்கிறப்போ."

வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்பார்கள். மெக்கானிக்கையும் அந்த வரிசையில் சேர்க்கலாம், ஏனென்றால் மறைத்தாலும் பிரயோஜனமில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. கிமோசோப் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வருஷம் யாரிடமும் சொல்லாததை இரண்டு இரும்பு வளையம் சொல்லிவிட்டதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"ஒரு இடத்துல... கொஞ்ச நேரம் நிப்பேன்" என்றார்.

"எங்கன்னு கேக்கல. யாரைப் பாக்கன்னும் கேக்கல. எனக்கு டிரம்முதான் கணக்கு" என்றான் ஒச்சோலா. குரல் இறங்கியிருந்தது. "கடைய முடியாது, காகிதமாயிடும். எல்டோரெட்ல பழைய சாமான் கடையில ரெண்டு நல்ல டிரம்மு எடுத்துட்டு வரேன். ஆனா ஒண்ணு சொல்றேன். இதே மாதிரி நின்னீங்கன்னா அதுவும் கோணும். நிக்கிறதை விடுங்க. விட முடியாதா, ரிவர்ஸ் கியர்ல போட்டுட்டு எறங்கி, முன்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுங்க. எல்லாருக்கும் கல்லு வைக்கிறதுக்குன்னே ஒரு ஆள் கூட வரான். உங்களுக்கு அவனும் இல்ல. அப்ப நீங்கதான் எறங்கணும்."

வண்டி இரண்டு நாளில் தயாரானது. பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. முதல் நாள் மூன்றாவது வளைவு வந்தபோது கிமோசோப்பின் கை பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்குக்குப் போனது, நின்றது. இறங்க வேண்டும். இறங்கினால் அவள் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். நிறுத்தாமல் போய்விட்டார். கடை ஒரு விநாடி பக்கவாட்டில் வந்து போனது. மகளின் முதுகு தெரிந்தது, குழந்தை தெரியவில்லை. இரண்டாவது நாளும் போய்விட்டார். மூன்றாவது நாளும் போய்விட்டார். கீழே சந்தையில், "என்ன பெரியவரே, புது மாப்பிள்ளை மாதிரி நேரத்துக்கு வந்துடறீங்க" என்று சிரித்தார்கள். உதறல் இல்லாத வண்டியில் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் மேலே ஏறும்போது, அந்த உதறலே தேவலை என்று தோன்றியது. வீட்டில் களியைத் தொடவில்லை, மொத்தமும் கோழிக்குப் போனது. சாலினா இருந்து கீழே எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால், இன்றைக்கு என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தார். வெயில் என்று சொல்லக்கூட அங்கே நிற்கவில்லையே. அன்றைக்கு அவர் அழுதார். ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை.

நாலாவது நாள் நிறுத்தினார். இன்ஜினை அணைத்து, ரிவர்ஸில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. கதவைத் திறந்து இறங்கினார். நாலு வருஷத்தில் அந்த மண்ணில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கல் தேடினார். அந்தப் பக்கம் ஒரு கல் இல்லை. டிரைவர்கள் முட்டுக் கொடுத்த கல்லை எடுக்காமல் போவதும், பின்னால் வருகிறவன் அதில் ஏறிக் கவிழ்வதும் எங்கள் ரோட்டில் சகஜம். இந்த வளைவில் கிடக்கும் கல்லையெல்லாம் பொறுக்கி ஜெபிவோட் தன் கடை முன்னால் குவித்து வைத்திருந்தாள். கல் வேண்டுமானால் அங்கே போகவேண்டும். கடை வீடாகுமா, கடை முன்னால் நிற்பது வாசலை மிதித்ததாகுமா என்று அவருக்குள் ஒரு வழக்கு நடந்தது. வண்டி சரிவில் கியரில் மட்டும் நிற்கிறது, வழக்குக்கு நேரமில்லை. ரோட்டைக் கடந்தார்.

ஜெபிவோட் நிமிர்ந்து பார்த்தாள். கையில் கரண்டி அப்படியே நின்றது.

"கல்லா?" என்றாள். "எடுத்துக்குங்க. எல்லா டிரைவரும் இங்கதான் எடுப்பாங்க."

எடுத்தார். கனமான கல், தேவைக்கு மேல் பெரியது. தூக்கிக்கொண்டு போய் முன்சக்கரத்துக்கு அடியில் செருகி, காலால் உதைத்து இறுக்கினார். இனி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். ஏறவில்லை. மறுபடி ரோட்டைக் கடந்து வந்து, கூரை நிழலுக்கு வெளியே வெயிலில் நின்றார். குழந்தை அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

"வண்டி சரியாயிடுச்சா?" என்றாள் ஜெபிவோட். அடுப்பைப் பார்த்துத்தான் கேட்டாள். "மூணு நாளா நிக்காமப் போனீங்களே, அதான் கேட்டேன். நாலு வருஷமா பாக்குறேன், பிரேக்கு ஆறட்டும்னு இங்க நிப்பீங்க. மத்த வண்டிக்கு அஞ்சு நிமிஷம். உங்களுக்கு மட்டும் அரை மணி. பழைய வண்டி, ஆற நேரமாகும்னு நெனச்சுக்குவேன்."

தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது தண்டனை இல்லை. அப்பன் தன்னைப் பார்க்க நிற்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாது. நாலு வருஷம் முப்பது அடி தூரத்தில் நின்றும், அவள் வரைக்கும் வந்து சேர்ந்தது ஒரு வண்டியின் சூடு மட்டும்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடியும். மானமும் போகாது. ஆமாம் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

"இல்லம்மா" என்றார். "ஆறட்டும்னு நிக்கல. இங்க நின்னு நின்னுதான் பிரேக்கே கெட்டுப்போச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கரண்டியை வைத்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் பார்க்கவில்லை.

"அம்மா இருந்தப்பவே எறங்கியிருக்கலாமேப்பா" என்றாள்.

ஒரு லாரி உறுமிக்கொண்டு மேலே ஏறிப் போனது. குழந்தை தன் கையிலிருந்த சோளத்தை அவர் பக்கம் நீட்டியது. அவர் வாங்கவில்லை. வாங்கிச் சாப்பிடக் கூடாது, இன்னும் கூடாது. ஜெபிவோட் குழந்தையின் கையை மெல்ல இறக்கிவிட்டாள்.

"கோமென் வீட்டுப் பெரியவங்களை வரச் சொல்லட்டுமா?"

"வரச் சொல்லும்மா" என்றார் கிமோசோப். "நான் வீட்ல இருப்பேன்."